ஜெபப் பெட்டியில் நான் போட்ட சீட்டு

ராஜா,

இன்று காலை ஆராதனையில் உன் கல்யாண ஓலையை முதல் தடவையாக வாசித்தார்கள். ஆபீஸ் வேலை என்று நீ ஹைதராபாத்தில் உட்கார்ந்திருக்கிறாய், அதனால் நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். காக்ஸ் டவுனில் வசிக்கும் இன்னாருடைய மகன் என்று ஆயர் மைக்கில் ஆரம்பித்ததும் முன் வரிசைப் பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் நிறுத்துவாரே, அந்த நேரத்தில் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. உன் அப்பா என் பக்கம் சாய்ந்து, "நீ ஏதாவது எழுந்து சொல்லப் போறியா?" என்றார். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போது என் தலை நிமிர்ந்துதான் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் ராஜா, அதே மைக்கில் இன்னொரு பெயரும் ஒருநாள் வாசிக்கப்பட்டது. அதை வாசிக்கவைத்தவள் நான். உனக்கு அது தெரியும். முழுதாகத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. நீ கல்யாணமாகி சர்ஜாபூர் பக்கம் தனிக்குடித்தனம் போவதற்கு முன்னால் அதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. இந்தக் கடிதத்தின் ஒரு நகலை நம் பெண்கள் ஐக்கியத்தின் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். தப்பு நடந்தது சபை முழுக்கக் கேட்கும்படி. ஒப்புக்கொள்வதும் அப்படியே இருக்கட்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் நேற்றே அனுமதி கேட்டுவிட்டேன். "எழுதிக்கோ. பேரை மட்டும் போடாதே. அதைத்தான் ஒரு தடவை நல்லா சத்தமா வாசிச்சுட்டாங்களே" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் என்னிடம் முகம் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை அது.

நான் தங்கவயலில் ஏழாவது வரைக்கும் படித்தவள். மற்றதெல்லாம் நானாகக் கற்றுக்கொண்டது. கன்னட எழுத்து பஸ் போர்டில் இருந்து, இங்கிலீஷ் உன் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்து, கணக்கு ரேஷன் கடையில் ஏமாந்ததில் இருந்து. கல்யாணமாகி இந்தக் காம்பவுண்டுக்கு வந்த மாதத்திலிருந்து நோட்டு எழுதுகிறேன். பால்காரர் வராத நாள், கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, உன் தடுப்பூசி எல்லாம் அதில் இருக்கும். "உங்கம்மா நோட்டுல நம்ம வீட்டு எறும்புக்குக்கூட வருகைப் பதிவு உண்டு" என்று உன் அப்பா கேலி செய்வார். எதையும் விவரமாக எழுதுவது நல்ல குணம் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். என்னை விழவைத்தது அந்த நல்ல குணம்தான்.

அக்கா நம் சுவருக்கு அந்தப் பக்கம் இருபது வருஷமாக டியூஷன் எடுத்தவர். உனக்கும் கன்னடமும் கணக்கும் அவர்தான். புருஷனைச் சீக்கிரம் இழந்தவர், ஒரே மகள், அவளும் கல்யாணமாகிக் குவைத்தில். ஒரு மத்தியானம் என் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, மார்பில் கட்டி, கேன்சர் என்று சொல்லிவிட்டார்கள், ஒரு கீமோ முடிந்துவிட்டது என்று சொன்னார். பூண்டு உரித்துக்கொண்டே சொன்னார், ஏதோ மின்சாரக் கட்டணம் ஏறிவிட்ட மாதிரி. "மகளுக்கு எட்டாம் மாசம். குழந்தை பொறந்தப்பறம் சொல்லிக்கறேன். நீ யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினேன்.

யாரிடமும் சொல்லவும் இல்லை. கர்த்தரிடம் சொல்வது யாரிடமும் சொல்வதில் சேராது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் இருக்கும் ஜெபக் குறிப்புப் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டேன். எல்லாரும் போடுவதுதான். "ஒரு சகோதரியின் சுகத்துக்காக" என்று எழுதி நிறுத்தியிருக்கலாம். என் கை நிற்குமா? பெயர், என்ன நோய், எந்த இடத்தில், எத்தனையாவது கீமோ, துணைக்கு ஆள் இல்லை, பணக் கஷ்டம் என்று அழகான கையெழுத்தில் ஒரு வரி விடாமல் எழுதினேன். விவரமாகச் சொன்னால் ஜெபம் சரியான இடத்துக்குப் போய்ச் சேரும் என்று நான் அப்போது மனதார நம்பினேன். ஆயர் அதை எழுதியபடியே வாசித்தார். அவர்மேல் குற்றமில்லை. எழுதினால் வாசிப்பார்கள்.

அன்று அக்கா கோயிலுக்கு வரவில்லை. கீமோ போட்ட உடம்பு, கூட்டத்தில் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொரோனாவுக்குப் பிறகு நம் சபையில் ஆராதனையை நேரலையாகப் போனில் காட்டுகிறார்களே, அதைத்தான் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். குவைத்தில் அவர் மகளும் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாத வயிற்றோடு, தன் அம்மாவுக்குக் கேன்சர் என்பதை அந்தப் பெண் ஒரு மைக்கிலிருந்து தெரிந்துகொண்டாள்.

அதோடு விட்டோமா? ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கியத்தில் ஒரு கவர் சுற்றிவந்தது. நல்ல தொகை சேர்ந்தது. சாயங்காலம் ஆறு பேர் அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் நின்று ஒரு பாட்டுப் பாடி, கவரை நீட்டியபடி ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டோம். கதவைத் திறந்தவர் கவரை வாங்கவில்லை. ஆறு பேரையும் பார்த்துவிட்டுக் கடைசியில் என்னைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார். ஓங்கி அடைத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகச் சாத்தினார்.

அடுத்த வாரம் டியூஷன் பிள்ளைகள் குறைந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஒருவரும் இல்லை. "பாவம், டீச்சர் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று பெற்றோர்கள் சொன்னார்கள். ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் சிலருக்கு, வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வரவேண்டிய கீமோ நாள் வந்தது. ஆட்டோ வரவில்லை. அவர் கிளம்பவில்லை. அடுத்த தேதியும் அப்படியே போயிற்று. இரண்டு தேதி, ராஜா. என் நோட்டில் இரண்டையும் எழுதி வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். கதவைத் தட்டினேன், அழுதேன், ஜன்னல் வழியாகக் கெஞ்சினேன். "உள்ள ஆள் இருக்கு, உயிரோடதான் இருக்கு, போய்ச் சொல்லு உன் சபையில" என்று ஒரு குரல் வந்தது. முழங்காலில் நின்று ஜெபித்தேன். என்னால் ஒரு மனுஷி சாகப்போகிறாள் என்று தெரிந்துகொண்டு ஜெபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

நீ அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்தாய், முகம் கழுவினாய், உன் பழைய நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு நேராக அடுத்த வீட்டுக்குப் போனாய். நான் சுவர் ஓரம் நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்டதையும் இதோடு சேர்த்து ஒப்புக்கொள்கிறேன்.

"பெரியம்மா, ஆபீஸ்ல கன்னடப் பரீட்சை வைக்கறாங்க. பேச வருது, எழுத மறந்துபோச்சு. பாஸாகலைன்னா இன்கிரிமென்ட் கிடையாது."

"எனக்கு உடம்பு சரியில்லை. ஊருக்கே தெரியும். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் மத்த பசங்க இல்லாத நேரமா வந்தேன்."

நீ அடிவாங்கப் போகிறாய் என்று நினைத்தேன். பிறகு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "உட்காரு. எழுது. டேய், பத்து வருஷம் முன்னாடி பண்ணின அதே தப்பை இன்னும் பண்ற. ஒரு புதுத் தப்பாவது பண்ணேன்டா!" அந்தக் குரலைக் கேட்டு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தினமும் போனாய். அவர் திருத்தினார், நீ தப்பாக எழுதினாய், அவர் திட்டினார். ஆஸ்பத்திரி என்ற வார்த்தையை நீ எடுக்கவே இல்லை. பத்து நாள் கழித்து, "பெரியம்மா, செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கேன், நாள் பூரா பாடம் நடத்தணும்" என்றாய். "செவ்வாய்க்கிழமையா?" என்று இழுத்தார். "ஏன், வேற வேலை இருக்கா?" என்றாய். கடைசியில் அவரே சொன்னார்: "ஆஸ்பத்திரி போற நாள் அது. போகலாமா வேண்டாமான்னு இருக்கேன்." நீ உடனே, "அப்ப நோட்டை அங்கேயே எடுத்துட்டு வரேன்" என்றாய். அவ்வளவுதான்.

இரண்டு தேதி விட்டதற்கு டாக்டர் கடுமையாகப் பேசினார் என்றும், இனி ஒன்றைக்கூட விடக்கூடாது என்று எச்சரித்தார் என்றும் நீ பிறகு சொன்னாய். அக்காவின் ஒரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, மறுகையால் உன் நோட்டில் சிவப்பு மையில் திருத்திக்கொண்டிருந்தாராம். இப்போதெல்லாம் அவர் உன் அப்பாவிடம் சொல்லிச் சிரிக்கிறார்: "அவன் ஆபீஸ்ல அப்படி ஒரு பரீட்சையே கிடையாதுன்னு எனக்கு மொத நாளே தெரியும். பரீட்சைக்குப் படிக்கிறவன் முகமா அது?"

அந்தக் காத்திருக்கும் கூடத்தில்தான் மற்றவர்களும் உன் கண்ணில் பட்டார்கள். கன்னடம் தெரியாமல் கவுண்டரில் நின்று முழிக்கும் திருப்பத்தூர்க்காரர்கள். மறுநாள் காலை பரிசோதனைக்காக வராந்தாவில் பாய் விரித்துப் படுப்பவர்கள். கீமோ முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டே நீலசந்திரா போகும் பெண்கள். "ஊட்ட ஆயிதா?" என்று கவுண்டர்க்காரரிடம் கன்னடத்தில் சாப்பாடு விசாரித்துப் பேச்சை ஆரம்பித்து, அவர்களுக்கு டோக்கன் வாங்கிக்கொடுத்தாய். உன் நண்பர்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டாய். கீமோ நாளில் கூடப் போய் உட்காருவது, ஆட்டோ வைப்பது, அரசாங்க உதவிக்கான பாரம் எழுதுவது, துணைக்கு வந்தவர்களுக்குத் தங்க ஒரு அறை பார்ப்பது. கழுத்தில் அட்டை கிடையாது, பேனர் கிடையாது. யாராவது கேட்டால் அக்கா பையன், மாமா பையன் என்று சொல்லிவிடுவீர்கள். வாய்ப்புண் வந்தவர்களுக்கு என்ன இறங்கும் என்று நீ கேட்டபோது ராகிக் கஞ்சியை வடிகட்டி மோர் ஊற்றித் தூக்குவாளியில் கொடுத்தேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நீ சொல்லவுமில்லை.

கைக்காசில் எத்தனை நாள் ஓடும்? அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை வந்தது. எல்லாரும் கொண்டுவந்து படைத்த பரங்கிக்காய், தேங்காய், கேக், சேவல் எல்லாவற்றையும் ஏலம் விட்டுக் காணிக்கை சேர்ப்போமே, அந்த ஏலத்தில் ஒரு பங்கு வேண்டும் என்று நீ கமிட்டியின் முன்னால் போய் நின்றாய். நான் பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்திருந்தேன்.

"யாருக்கு, தம்பி?" என்றார் பொருளாளர் அங்கிள்.

"கேன்சர் வைத்தியம் பார்க்கறவங்களுக்கு. பேர் சொல்ல மாட்டேன்."

"பேர் சொன்னா ஜனங்க ஐந்நூறு போடுவாங்க. சொல்லாம கேட்டா ஐம்பதுதான் விழும்."

"ஐம்பது போதும், அங்கிள்."

"சபைப் பணம்பா. கணக்கு யார் வைக்கிறது?"

"எங்கம்மா."

பின்னால் யாரோ மெல்லச் சிரித்தார்கள். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "உங்கம்மாவா?" என்றார். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் இருந்தது. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போல எனக்கு. நீ திரும்பி என்னைப் பார்க்கவில்லை. "அவங்கதான். வேற யாருன்னாலும் நான் இதைச் செய்யலை" என்றாய்.

வீட்டுக்கு வந்து உன்னோடு சண்டை போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? சபை நடுவே என்னை ஏன்டா இழுத்தாய் என்று கத்தினேன். நீ தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "நீங்க அஞ்சு மாசமா அந்தப் பெட்டிப் பக்கம் போகலைமா. முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை விட மாட்டீங்க. இப்ப அடுத்த கதவு வழியாச் சுத்தி உள்ள வரீங்க. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்." மகனே, பிள்ளைகளை நாம்தான் கவனிக்கிறோம் என்று பெற்றவர்கள் நினைத்துக்கொள்கிறோம். என் தப்பைச் சுமந்துகொண்டு நான் எந்தக் கதவு வழியாக நடந்தேன் என்றுகூட என் பிள்ளை கணக்கு வைத்திருந்தான். அன்று உனக்கு மோர் ஊற்றும்போது பாதி தட்டுக்கு வெளியே போயிற்று.

ஏலம் ஐம்பதில் நிற்கவில்லை. ஒரு சேவலை நாலு பேர் ஏலத்தில் எடுத்து நாலு பேரும் மறுபடி ஏலம் விடச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். ஐந்தாம் முறை அது கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பாடகர் குழுவின் கீபோர்டு மேல் ஏறி நின்று ஒரு சுரம் வாசித்தது. கடைசியில் பொருளாளர் அங்கிளே அதை எடுத்து, "இதுக்கு மேல திருப்பிக் கொடுத்தா சேவல் கோவிச்சுக்கும்" என்று வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அன்று முதல் என்னிடம் இரண்டு நோட்டு. ஒன்று சபைக்குக் காட்டுவது. ரசீது எண், தேதி, தொகை, ஆட்டோவா, மருந்தா, அறை வாடகையா, எல்லாம் காசு பிசகாமல் இருக்கும். ஆளைக் குறிக்கும் இடத்தில் மட்டும் காய்கறிப் பெயர். இன்னொரு நோட்டு என் மண்டைக்குள். வருஷக் கடைசியில் தணிக்கைக்கு உட்கார்ந்த அங்கிள், "ஏம்மா, இந்தச் சேப்பங்கிழங்குக்கு மூணு ஸ்கேனா?" என்றார். "ஆமாங்க." "முருங்கைக்காய்க்கு முடி டோப்பா?" "முடி கொட்டிடுச்சுங்க." அவர் தலையைக் குனிந்து கையெழுத்துப் போட்டார். மறு வருஷம் கேள்வியே கேட்கவில்லை. அந்தக் காய்கறிகளில் சிலர் இன்று நம் சபையில் பாட்டுப் பாடுகிறார்கள். சிலர் இல்லை. இல்லாதவர்களுக்கும் ஒரு கடைசிப் பக்கம் எழுதி, கூட்டல் போட்டு, கோடு கிழித்திருக்கிறேன்.

அக்கா கீமோவை முடித்தார், ஆபரேஷன் முடித்தார், முடி நரைத்துச் சுருண்டு வளர்ந்தது. பேரப்பிள்ளையைக் குவைத்துக்குப் போய்த் தூக்கிக் கொஞ்சிவிட்டு வந்தார். என்னோடு பேச ஆரம்பித்தார். தண்ணீர் வந்ததா, கரண்ட் எப்போது வரும் என்ற மட்டில். நான் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், மூன்று தடவை. மூன்று தடவையும் "சரி சரி" என்று உள்ளே போய்விட்டார். எனக்கு அது போதும் என்று என்னை நானே பழக்கிக்கொண்டேன்.

புத்தி சொல்லாமல் ஒரு அம்மாவால் கடிதம் முடிக்க முடியாது, பொறுத்துக்கொள். உதவி செய்யப் போகும் இடத்தில் முதலில் கேள், என்ன வேண்டும், யாருக்குத் தெரியலாம் என்று. கொடுக்கும் கையைப் படம் பிடிக்காதே. நோயாளியிடம் தைரியமாக இருங்கள் என்று சொல்லாதே, தைரியம் இல்லாமலா அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இதெல்லாம் உன்னிடம் இருந்து நான் கற்றது, உனக்கே திருப்பிச் சொல்கிறேன். இனி உனக்குத் தெரியாத ஒன்று. உன் மனைவி ராத்திரி விளக்கணைத்தபின் உன்னிடம் சொல்வதை என்னிடம் சொல்லாதே. அம்மாதானே, ஜெபம் பண்ணுவாளே என்று நினைத்துக்கூடச் சொல்லாதே. அவளுக்கு உடம்பென்றாலும், மனக்கஷ்டமென்றாலும், நல்ல செய்தி என்றாலும், அம்மாவிடம் சொல்லலாம் என்று அவளே சொன்னபிறகு எனக்குத் தெரிந்தால் போதும். நான் யாருக்காக என்று தெரியாமலே ஜெபிக்கப் பழகிவிட்டேன். அது நன்றாகவே போய்ச் சேருகிறது.

போன வியாழக்கிழமை மத்தியானம் ஒருவர் நம் வீட்டுக்கு வந்தார். உனக்கு நன்றாகத் தெரிந்தவர். ஆணா பெண்ணா, வயதென்ன, எந்தத் தெரு என்று நான் எழுத மாட்டேன். உன் கல்யாணத்துக்கு வருவார், உன்னோடு கை குலுக்குவார், பிரியாணி நன்றாயிருந்தது என்பார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றார். கையில் ஒரு ஸ்கேன் கவர். சுருட்டிச் சுருட்டி அது கசங்கியிருந்தது.

"வீட்ல இன்னும் யாருக்கும் சொல்லலை. அடுத்த வீட்டு டீச்சரம்மாகிட்டதான் போய் அழுதேன். அவங்கதான் இங்க அனுப்பினாங்க."

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அவகிட்ட சொல்லு, வெளிய போகாதுன்னாங்க."

கதவுத் திரையை இழுத்துவிட்டேன். வந்தவர் இன்னும் நின்றுகொண்டேதான் இருந்தார். உள் அறைப் பக்கம் பார்த்து, "தம்பி இருக்காரா?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்ல. அவன் இங்க இருந்தாலும் அவனுக்குத் தெரியவராது" என்றேன்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

உன் அம்மா